டிஸ்கோ காலத்துச் சிகையலங்காரம்

பழைய புகைப்படங்களைப் பார்த்து நகைப்பது எக்காலத்து இளைஞர்க்கும் இயல்பே. அவற்றுள்ளும் 1970 தொடங்கிப் பத்தாண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் எடுக்கப்பெற்ற படங்களைக் காணுங்கால், ஆடையைக் கண்டு நகைக்குமுன் தலையைக் கண்டு நகைப்பவர் பலர். ஒருவன் தலைமேல் கருமேகம் ஒன்று வந்து அமர்ந்தாற்போல உருண்டு திரண்ட மயிர். ஒருத்தியின் முகத்திற்கு இருமருங்கும் பறவை சிறகு விரித்தாற்போலப் பின்னோக்கிச் செல்லும் கூந்தல். இன்னொருவன் செவிகள் எங்கே என்று தேடவேண்டிய நிலை. இவையெல்லாம் டிஸ்கோ ஆடலரங்குகள் கொடிகட்டிப் பறந்த காலத்துக் கோலங்கள். இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு இரவெல்லாம் ஆடும் கூடத்திற்கு டிஸ்கோதேக் என்னும் பிரெஞ்சுச் சொல் வழங்கிற்று. அதன் குறுக்கமே டிஸ்கோ. 1977-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் நகரில் திறக்கப்பெற்ற ஸ்டூடியோ 54 என்னும் கூடத்தின் வாயிலில், உட்புகத் தக்கார் யார், தகாதார் யார் என்பதைத் தோற்றம் ஒன்றையே கண்டு தீர்மானித்தனர். அத்தகைய காலத்தில் மக்கள் கண்ணாடிமுன் நெடும்பொழுது நின்றதில் வியப்பொன்றும் இல்லை.

நகைப்பாரை யாம் தடுக்கப் புகவில்லை. ஆயினும் சிகையலங்காரம் ஓர் அற்ப விஷயம், கற்றோர் அதனைப் பற்றி எழுதுதல் தகாது என்று கூறுவாருடன் எமக்கு உடன்பாடு இல்லை. மயிர் என்னும் சொல்லையே இக்காலத்தார் வசைச்சொல் ஆக்கிவிட்டனர். நம் முன்னோரோ அதனைக் கூசாது வழங்கினர். மகளிர் கூந்தல் ஐவகையாக முடிக்கப்பெறுவது பற்றி அதற்கு ஐம்பால் என்றே பெயரும் இட்டனர். அது நிற்க. டிஸ்கோ காலத்துச் சிகைகளைப் பற்றி எம் கருத்து இதுவே: அவற்றை அற்பமென்று சொன்னவர்களே அவற்றின்மேல் ஆணை செலுத்துவதில் முந்தி நின்றார்கள். அற்பமாயின் ஆணை எதற்கு?

முதற்கண் ஆப்ரோ என்னும் சிகையை எடுத்துக்கொள்வோம். இது புதிதாகச் செய்துகொண்ட அலங்காரம் அன்று. கறுப்பின மக்களின் சுருண்ட மயிரை இயற்கை வளர்த்தபடியே வளரவிட்டு, நீண்ட பற்களையுடைய சீப்பினால் வேரிலிருந்து தூக்கிவிடுவதே. அங்ஙனமாயின் அதற்கு ஒரு பெயரும் பரபரப்பும் ஏன் வேண்டின என்று கேட்கலாம். அதற்கு முந்திய பல தலைமுறைகளாக அம்மக்கள் தம் மயிரை மறைக்கவும் நிமிர்த்தவும் பட்ட பாட்டை அறிந்தாலன்றி இக்கேள்விக்கு விடை கிடையாது. பெண்டிர் அடுப்பிற் காய்ச்சிய இருப்புச் சீப்பினால் கூந்தலை நீவி நேராக்கினர்; கை சற்றே தவறினும் செவியும் கழுத்தும் சுட்டன. ஆடவருள் பலர் காஸ்டிக் சோடா கலந்த குழம்பினைத் தலையிற் பூசினர். அடைத்த குழாயைத் திறக்க உதவும் அக்காரம் மயிரை நிமிர்த்துவதுடன் தோலையும் எரிக்கும். மால்கம் எக்ஸ் என்பார் 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், இளமையில் முதன்முறை இவ்வாறு செய்துகொண்டபோது தலை தீப்பற்றினாற்போல எரிந்ததையும், வெள்ளையர் மயிர் போல ஆக்கிக்கொள்வதற்காக அவ்வேதனையைப் பொறுத்தது எத்துணை இழிவு என்று பின்னர் உணர்ந்ததையும் விரித்துரைத்துள்ளார். அலுவலகத்தில் வேலை வேண்டுமாயினும், ஆலயத்தில் மதிப்பு வேண்டுமாயினும், மயிர் நேராயிருத்தல் வேண்டும் என்பது எழுதாச் சட்டமாய் இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் இளைஞர் பலர் அச்சட்டத்தை மீறித் தம் தலையைத் தம் தலையாகவே விட்டனர். வீட்டு முதியோர் சிலர் அதனைக் கண்டு கலங்கினர் என்பதும் உண்மையே; அவர்கள் அஞ்சியது அழகு கெடும் என்று மட்டும் அன்று, பிள்ளைகளுக்குப் பிழைப்புக் கெடும் என்றுமாம்.

அவ்வச்சம் பொய்யன்று என்பதை ஏஞ்சலா டேவிஸ் அம்மையார் வரலாறு காட்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த இவர், 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூட்டரசின் துப்பறியும் துறையால் தேடப்படுவோர் பட்டியலில் சேர்க்கப்பெற்றார். அவருடைய பெரிய ஆப்ரோச் சிகையுடன் கூடிய படம் நாடெங்கும் ஒட்டப்பட்டது. அக்டோபரில் பிடிபட்டுச் சிறையிருந்து, 1972 ஜூனில் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் போன்ற சிகையுடைய கறுப்பினப் பெண்டிர் பலர், அச்சிகை ஒன்றே காரணமாக வழிமறிக்கப்பட்டனர் என்று அவரே பின்னாளில் எழுதினார். 1994-ஆம் ஆண்டில் எழுதிய அக்கட்டுரையில் அவர் வேறொரு வருத்தமும் கூறுகின்றார்: தாம் செய்த பணியும் தம் கொள்கையும் மறக்கப்பட்டு, இளந்தலைமுறையார் தம்மை ஒரு சிகையலங்காரமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனரே என்பது. ஒருவர் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆயின் ஒருவர் வாழ்வு முழுவதும் சுருங்கி ஒரு மயிர்க்கோலமாய் நின்றுவிடுதல் கொடுமையே. பழைய படங்களைக் கண்டு நகைப்போர் தாமும் அக்கொடுமைக்குச் சிறிது துணைபோகின்றனர் என்று எமக்குத் தோன்றுகின்றது.

எதிர்ப்பாகத் தொடங்கியது எதுவும் விரைவிற் கடைச்சரக்காய் மாறுதல் அந்நாட்டு இயல்பு. சிக்காகோ நகரில் ஜான்சன் என்னும் கறுப்பின வணிகர் நடத்திய நிறுவனம் ஆப்ரோ ஷீன் என்னும் தைலத்தை விற்றது. 1971 முதல் நாடெங்கும் ஒளிபரப்பான ‘சோல் டிரெயின்’ என்னும் ஆடல் நிகழ்ச்சிக்குப் பொருளுதவியும் செய்தது. கறுப்பின இளைஞர் தம் இயற்கைச் சிகையுடன் மகிழ்ந்தாடுவதை வாரந்தோறும் நாட்டார் தம் வீட்டிலிருந்தே கண்டனர். இதனை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை.

இனி, மற்றைச் சிகை. 1976-ஆம் ஆண்டில் செந்நிற நீச்சலுடையில் நகைமுகத்துடன் அமர்ந்த பாரா பாசெட் என்னும் நடிகையின் சுவர்ப்படம் வெளிவந்தது; ஒரு கோடிக்கு மேற்பட்ட படிகள் விலைபோயின என்பர். அவ்வாண்டு செப்டம்பரில் ‘சார்லீஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் அவர் தோன்றவே, நாட்டுப் பெண்டிரெல்லாம் அக்கூந்தலைக் கேட்டு முடிதிருத்தகங்களை மொய்த்தனர். இறகுச் சிகை என்று அதற்குப் பெயர். பல அடுக்குகளாக வெட்டி, வெப்பக்காற்றினால் உலர்த்தி, உருளைத் தூரிகையால் பின்னோக்கிச் சுருட்டி, கலையாதிருக்கத் தெளிப்பான் கொண்டு பசைநீர் தெளித்தல் அதன் முறை. காற்றில் தானே அலைந்து அமைந்தாற்போலத் தோன்றும் அக்கூந்தல், காற்றடித்தால் அசையாதபடி செய்யப்பட்டது என்பது ஒரு வேடிக்கை.

இங்கே இரண்டு செய்திகள் கூறற்பாலன. கையிற் பிடித்து இயக்கும் மின்னுலர்த்தி அக்காலத்தில்தான் வீடுதோறும் புகுந்தது. அவற்றுட் பலவற்றின் உள்ளே வெப்பத்தைத் தடுப்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் வைக்கப்பட்டிருந்தது. அதன் நுண்ணிய இழைகள் காற்றுடன் வெளிப்படுதல் 1979-இல் அம்பலமாகவே, உற்பத்தியாளர் அவற்றைத் திரும்பப் பெறவும் மாற்றித் தரவும் நேர்ந்தது. மற்றது இன்னும் பெரிது. தெளிப்பான்களில் பசைநீரை உந்தித் தள்ளுவதற்குக் குளோரோபுளூரோகார்பன் என்னும் வாயு பயன்பட்டது. ஷெர்வுட் ரோலண்ட், மாரியோ மொலினா என்னும் இரு வேதியியலார் 1974-ஆம் ஆண்டில், அவ்வாயு வானின் மேலடுக்கை அடைந்து ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எழுதினர். தெளிப்பான் வணிகர் அவர்களை எள்ளினர். எனினும் 1978-இல் அமெரிக்க அரசு தெளிப்பான்களில் அவ்வாயுவைப் பெரும்பாலும் தடைசெய்தது. 1987-இல் மான்ட்ரீல் உடன்படிக்கை உலகநாடுகளைப் பிணித்தது. 1995-இல் அவ்விருவர்க்கும் பால் குருட்சன் என்பவர்க்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. கூந்தல் கலையாதிருத்தற்கென்று குளியலறையில் அழுத்திய ஒரு பொத்தான் வானத்தின் கூரையை அரித்தது என்றால், அற்ப விஷயம் என்பார் என் செய்வர்!

பாரா பாசெட் 2009-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அந்நோய்க்குச் செய்த சிகிச்சையில் உலகறிந்த அக்கூந்தலை இழந்த நிலையிலும் தம்மைப் படம்பிடிக்க ஒப்பினார். அப்படம் அவர் இறப்பதற்கு முந்திய மாதம் ஒளிபரப்பாயிற்று. இளமையில் ஆப்ரோச் சிகையுடன் பாடி உலகை மயக்கிய மைக்கேல் ஜாக்சனும் அதே நாளில் இறந்தார். சிவந்த நீச்சலுடை 2011 முதல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையின் உடைமையாய் உளது.

ஆடவர் பின்தங்கினாரல்லர். 1977 டிசம்பரில் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் பீவர்’ என்னும் படத்தில், வண்ணக்கடைச் சிற்றாளாகிய நாயகன் சனிக்கிழமை மாலையில் கண்ணாடிமுன் நின்று தன் சிகையைச் சீர்செய்யும் காட்சி பெயர்பெற்றது. உணவு மேசையில் தந்தை தலையில் அடிக்க, அவன் முறையிடுவது வலியைப் பற்றி அன்று, நெடுநேரம் பாடுபட்டு அமைத்த சிகை கலைந்ததைப் பற்றி. இதனைக் கண்டு அரங்கிலுள்ளோர் நகைப்பர். வாரம் ஆறு நாளும் பிறர்க்குப் பணிந்து வண்ணம் விற்கும் ஏழை இளைஞனுக்குத் தன் ஆணைக்கு அடங்கிய உடைமை அத்தலை ஒன்றே என்பதை இயக்குநர் உணர்ந்தே அமைத்தார் என்று கொள்கின்றோம். 1976-இல் இன்ஸ்பிரக் நகரத்துப் பனிக்கால ஒலிம்பிக் பந்தயத்தில் பொற்பதக்கம் பெற்ற டாரத்தி ஹாமில் என்பாரின் ஆப்பு வடிவக் குறுஞ்சிகையும் ஒரு புகழ்பெற்ற கோலம்; சுழன்றாடி நின்றவுடன் தானே வந்தமையும் அச்சிகையை அறிவுடைய சிகை என்போம்.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றோம். தலைத்தோலை ஒட்டி நெருக்கமாகப் பல சிறு பின்னல்களாக வரிவரியாய்ப் பின்னுதல் ஆப்பிரிக்க மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். அமெரிக்காவில் சிசிலி டைசன் போன்ற கறுப்பின நடிகையர் 1970-களின் தொடக்கத்திலேயே அதனை அரங்கேற்றினர். 1979-ஆம் ஆண்டில் ‘10’ என்னும் திரைப்படத்தில் போ டெரெக் என்னும் வெள்ளை நடிகை அப்பின்னலுடன் கடற்கரையில் ஓடிவந்தார். உடனே அது புதுக்கோலம் ஆயிற்று, பத்திரிகைகள் புகழ்ந்தன. அடுத்த ஆண்டில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் விமான நிறுவனத்திற் பதினோராண்டு பணிபுரிந்த ரெனே ரோஜர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி அதே பின்னலுடன் வேலைக்கு வந்தார். நிறுவனத்தின் விதி அதனை அனுமதிக்கவில்லை. அவர் நியூயார்க்கில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்கிட்டார்.

1981-இல் வந்த தீர்ப்பு படித்தற்குரியது. இப்பின்னல் தம் முன்னோர் மரபு என்று அவர் கூறியதை நீதிமன்றம் ஒருபுறம் ஒதுக்கி, வெள்ளை நடிகை ஒருத்தி திரைப்படத்தில் அதனைப் பரப்பிய சிறிது காலத்திற்குப் பின்னரே அவர் அதனைப் பூண்டார் என்பதை எடுத்துக்காட்டிற்று. ஆப்ரோ இயற்கையாய் வளர்வது, ஆதலின் அதற்குப் பாதுகாப்பு உண்டு எனலாம். பின்னல் கையாற் செய்வது, எளிதில் மாற்றத்தக்கது. ஆதலின் நிறுவனம் அதனைத் தடுக்கலாம் என்பது முடிவு. வேலை நேரத்தில் பின்னல்களைத் தொகுத்துக் கொண்டையாக்கி அதன்மேல் பொய்மயிர் சுற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் இசைந்திருந்தது. அப்பொய்மயிரால் கடுந்தலைவலி உண்டாகின்றது என்று அவர் முறையிட, அங்ஙனமாயின் பெரிய பொய்மயிராக வைத்துக்கொள்ளுதல் தக்கது என்னும் கருத்தையும் அத்தீர்ப்பிற் காண்கின்றோம்.

ஐந்தாண்டுகட்கு முன், 1976-இல், வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆப்ரோச் சிகையின் காரணமாகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்னும் முறையீட்டை இனப்பாகுபாட்டு முறையீடாகவே ஏற்றிருந்தது என்பதையும் நினைவிற் கொள்க. விட்டுவிட்டால் காப்பு; பின்னினால் காப்பில்லை! உயிருள்ள மாந்தர் எவர்தாம் மயிரைக் கைதொடாமல் விட்டுவைக்கின்றனர்? எளிதில் மாற்றத்தக்கது என்னும் வாதத்தை யாம் சற்றே திருப்பிக் கேட்கின்றோம். எளிதில் மாற்றத்தக்கது சிகையா, விதியா? சிகையைப் பின்னப் பல மணிநேரம் செல்லும். விதியை மாற்ற ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும். ஒரே பின்னல் ஒருத்திக்குப் புகழும் மற்றொருத்திக்கு வழக்கும் கொணர்ந்ததாயின், அவ்விதி தடுத்தது பின்னலை அன்று, பின்னலை உடையவளையே என்று கூறுவதில் தவறென்ன?

தலைமயிர்மேல் ஆணை செலுத்தும் ஆசை அமெரிக்கரோடு நின்றதன்று. தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூரில், 1970-களில், நீண்ட மயிருடைய ஆடவர்க்கு அரசு அலுவலகங்களிற் கடைசியாகவே பணி செய்யப்படும் என்று அறிவிப்பு ஒட்டினர். புருவத்தைத் தொடும் மயிர், செவியை மூடும் மயிர், சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழிறங்கும் மயிர் என்று படம் வரைந்து இலக்கணமும் வகுத்தனர். 1972-இல் லெட் செப்பலின் என்னும் ஆங்கிலப் பாடகர் குழு மயிர் நீண்டமையால் அந்நாட்டிற் பாடாமலே திரும்பிற்று.

தென்கொரியாவின் கதை இதனினும் விசித்திரமானது. அங்கே பார்க் சுங் ஹீ என்பாரின் ஆட்சி 1973-இல் சிறுகுற்றச் சட்டத்தைத் திருத்தி, ஆடவர் நீள்சிகையைக் குற்றமாக்கிற்று. காவலர் கத்தரிக்கோலுடன் தெருவில் நின்று இளைஞரைப் பிடித்து மயிரைக் கத்தரித்தனர். அதே நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று யாது எனின், பொய்ச்சிகை! 1960-களின் நடுவில் அமெரிக்கா சீனத்து மயிரை விலக்கியதிலிருந்து கொரியத் தொழிற்சாலைகள் செழித்தன. நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளம்பெண்கள் குறைந்த கூலிக்குப் பொய்ச்சிகை தைத்தனர். அமெரிக்க நகரங்களில் ஆப்ரோ வடிவத்திலும் அவை விலைப்பட்டன. உள்ளூரில் மெய்ச்சிகையைக் கத்தரித்துக்கொண்டே வெளியூருக்குப் பொய்ச்சிகை விற்ற அரசு அது. 1979-இல் ஒய்.எச். என்னும் பொய்ச்சிகை நிறுவனம் மூடப்படவே, அதன் பெண் தொழிலாளர் ஆகஸ்டு 9-ஆம் நாள் சியோலில் எதிர்க்கட்சித் தலைமையகத்திற் புகுந்து அமர்ந்து போராடினர். 11-ஆம் நாள் காவற்படை உட்புகுந்து அவர்களை இழுத்துச் சென்றது. கிம் கியுங் சுக் என்னும் இளம்பெண் உயிரிழந்தாள். அப்பெண்களுக்கு இடமளித்த எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாம் அக்டோபரில் சட்டமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். பூசான், மாசான் நகரங்கள் கொந்தளித்தன. அக்டோபர் 26-ஆம் நாள் பார்க் தம் உளவுத்துறைத் தலைவர் கையாற் சுடப்பட்டு மடிந்தார். நியூயார்க்கில் பொய்ச்சிகை அணிந்து ஆடியவர்க்கு இச்செய்தி எட்டியிராது.

நிலையங்களுக்கு ஒழுங்கு வேண்டாவோ என்று ஆசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். வேண்டும். இயந்திரத்தின் அருகே நிற்போன் மயிரைக் கட்டுக; சமையற்கூடத்தில் பணிபுரிவோன் மூடுக; எவனும் தூய்மையாய் இருக்க. இவற்றிற்குக் காரணம் காட்டலாம். காரணம் காட்ட இயலாத இடத்தில் மரபு என்றும் கண்ணியம் என்றும் கூறுவதைத்தான் யாம் ஐயுறுகின்றோம். கண்ணியமென்பது யாருடைய தலையை அளவாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்று கேட்கவேண்டியுளது. நம் நாட்டிலும் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்ட இளைஞரைப் பெற்றோர் வீட்டைவிட்டுத் துரத்தியதுண்டு. பின்னாளில் குடுமி வைத்தவனைக் கண்டு அதே வீட்டுப் பேரர் நகைத்ததும் உண்டு. இருவரும் கண்ணியத்தின் பெயராலேயே பேசினர்.

அமெரிக்காவில் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் கலிபோர்னியா மாநிலம், ஆப்ரோ, பின்னல், சடை முதலியவை காரணமாக எவரையும் பணியிலும் பள்ளியிலும் ஒதுக்கலாகாது என்று முதன்முதற் சட்டம் இயற்றிற்று. பின்னர்ப் பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறியும் மேலவையிற் சட்டமாகவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் அத்தகைய சட்டம் 2023 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய நாளிலிருந்து அம்மாநிலத்துக் கறுப்பின மாணவன் ஒருவன், தலைமேல் தொகுத்துக் கட்டிய அவன் சடைகளை அவிழ்த்துவிட்டால் விதித்த அளவினும் நீளும் என்னும் காரணத்தால், வகுப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தான். 2024 பிப்ரவரியில் நீதிபதி தீர்ப்பளித்தார்: சட்டம் சடையைக் காக்கின்றது, அதன் நீளத்தைக் காக்கவில்லை.